மட்கார்டில் நெளிந்த வெளிச்சம்

முபாரக் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மஞ்சள் காரின் படங்களைத் திறந்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை முற்பகல். போனில் அவர் மனைவி ஷமீமின் பெயர் தெரிந்தது. "அக்கா, அவரு போயிட்டாருக்கா. நீங்க வாங்க" என்றார். அழவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே எதிர்பாராத செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றாமல் அந்த மஞ்சள் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டதால் ஆட்டோ கிடைக்கவில்லை. வெறுங்காலோடு எதிரே வருகிறவர்களை விலக்கிக்கொண்டு நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். பெண்கள் இருந்த அறையில் ஷமீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முபாரக் பாயோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளிவாசலிலும் டீக்கடையிலும் மட்டும் அவரை அறிந்தவர்கள் பலர் அன்று என்னிடம், "உங்க ஆபீஸ்ல பாய் என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு காபிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரு வெளிநாட்டு ஏலக் கம்பெனிக்குக் கேட்லாக் எழுதித் தருகிறோம். ஏலத்துக்கு வருபவை பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள். அங்கிருந்து ஒவ்வொரு காருக்கும் நூற்றுக்கணக்கில் படங்கள் வரும். அவற்றைப் பார்த்து, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். ஒரே வருடத்தில் செய்த, ஒரே மாதிரியான இரண்டு கார்களில், கார் செய்த தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சின் அப்படியே இருப்பது எட்டுக் கோடிக்குப் போகும். எஞ்சின் மாற்றியது மூன்று கோடியைத் தாண்டாது. அத்தனை விலைக்குப் போகிற கார்களில் ஒன்றைக்கூட நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை.

முபாரக் பாய் கார் தெரிந்தவராக எங்களிடம் வரவில்லை. கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்திக்கொண்டிருந்தவர். பெண்ணின் கன்னத்தில் விழுந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைக் குறைப்பது, பட்டுப்புடவையின் நிறத்தை எல்லாப் படத்திலும் ஒன்றாக்குவது, இதெல்லாம் அவர் வேலை. நேர்காணலில் ஒரு நீலநிறக் காரின் படத்தைக் காட்டி என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "கார் பத்தி எனக்குத் தெரியாது மேடம். ஆனா இந்தக் கதவும் மத்ததும் ஒரே நாள்ல பெயிண்ட் அடிச்சது இல்ல" என்றார். அன்றே சேர்த்துக்கொண்டோம்.

ஏல விலைகள் அவருக்குச் சிரிப்பு மூட்டின. ஒரு முறை, கொட்டகையில் தூசியோடு கிடந்த கார் ஒன்று, பெயிண்ட் வெளுத்து, சீட்டுத் தோல் வெடித்த நிலையில் அப்படியே ஏலத்துக்கு வந்தது. பக்கத்தில் அதே வகைக் கார் புதிதாக வண்ணம் பூசிப் பளபளவென்று நின்றது. வெளுத்த கார் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலைக்குப் போனது. "நம்ம ஊர்ல பெயிண்ட் அடிச்சா வெல ஜாஸ்தி. அங்க அடிச்சா கம்மி. நல்லா இருக்கு இவங்க கணக்கு" என்றார். பிறகு அவர் அடிக்கடி சொல்லும் ஒன்றைச் சொன்னார்: "வெல அவங்க இஷ்டம் மேடம். கண்டிஷன் நம்ம பொறுப்பு."

அந்தச் சிவப்புக் கார் வந்தது இதற்குப் பிறகு. அந்த ஏலத்தின் முக்கியமான வண்டி அதுதான். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். முன் இடது மட்கார்டில், கூரையிலிருந்த டியூப்லைட்டின் வெளிச்சம் நீளக் கோடாக விழுந்திருந்தது. "நேரா வர்ற வெளிச்சம் இங்க வந்து நெளியுது பாருங்க. அடிபட்ட பள்ளத்த பட்டி வச்சு நிரப்பி மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன்." அவர் காட்டிய பிறகு எனக்கும் தெரிந்தது. முன் இடது பக்கம் பழுது பார்த்ததாக இருக்கலாம், நேரில் சோதிப்பது நல்லது என்று ரிப்போர்ட்டில் எழுதினார். கேட்லாக் வெளிவந்தபோது அந்த வரி அதில் இல்லை. நான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை, படத்தை வைத்து நிரூபிக்க முடியாது என்று பதில் வந்தது. முபாரக் பாயிடம் சொன்னேன். தலையை அசைத்துவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து அடுத்த காரின் படங்களைத் திறந்தார்.

ஏலத்துக்கு முன்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஏலம் நடக்கிற நாட்டில் வேறொரு மூலையில் வசிக்கும் வயதான டாக்டர். இளமையில் அவரும் மனைவியும் அதே மாதிரிக் காரில்தான் ஊர் சுற்றினார்களாம். மனைவி இப்போது சக்கர நாற்காலியில். ஒரு தடவையாவது அவரை அந்தக் காரில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும், அதற்காக வீட்டை விற்கிறேன் என்று எழுதியிருந்தார். மனைவியை விட்டுவிட்டு வந்து பார்க்க முடியாது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், இது அடிபட்ட வண்டியா, சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அனுப்புவதற்கு ஒரே பதில்தான் உண்டு: வாங்குபவர் தாமே சோதித்துக்கொள்ளவும். அதை அனுப்பிவிட்டேன் என்று சொன்னபோது முபாரக் பாய் என் மேசைக்கு வந்து நின்றார்.

"நாமளும் பாக்கலையே மேடம். அதையாவது அவருகிட்ட சொல்லணும்ல."

"நாம தனியா எழுதக் கூடாது பாய். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

மறுநாள் அவரே வந்து, "எழுதிட்டேன் மேடம். என் பேர்ல, என் மெயில்லருந்து. உங்க பேர இழுக்கல" என்றார். நான் பார்த்தது படங்களை மட்டும்தான், மட்கார்டில் சந்தேகம் இருக்கிறது, யாரையாவது அனுப்பிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

ஏலத்தை அலுவலகத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரில் பார்த்தோம். டாக்டர் விலகிவிட்டார் என்று முன்பே தெரிந்தது. சிவப்புக் காருக்கு இரண்டு பேர் மாறி மாறி விலையை ஏற்றினார்கள். எதிர்பார்த்த தொகையைத் தாண்டி, அந்த வகைக் காருக்கு யாரும் கொடுக்காத விலைக்குப் போனது. கைதட்டினார்கள். முபாரக் பாய் மெதுவாக, "ஒருத்தராவது குனிஞ்சு பாத்திருக்கலாம்" என்றார்.

டாக்டர் விலகும்போது நல்ல மனதோடு முபாரக் பாயின் பெயரைச் சொல்லி கம்பெனிக்கு நன்றி எழுதியிருந்தார். அடுத்த வாரமே முபாரக்குக்கு இனி வேலை தரக் கூடாது என்று உத்தரவு வந்தது. நான் எழுதினேன், போனில் பேசினேன், எங்கள் முதலாளியிடம் கெஞ்சினேன். அந்தக் கம்பெனி போய்விட்டால் எல்லோருக்கும் வேலை போய்விடும் என்றார் அவர். அதுவும் பொய்யில்லை. முபாரக் பாய் ஒவ்வொருவர் மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டு இறங்கினார். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்கள் கழித்து டாக்டரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது, முபாரக் பாய்க்குக் கொடுக்கச் சொல்லி. டாக்டரின் மனைவி இறந்துவிட்டார். அது அடிபட்ட வண்டியாகவே இருந்திருக்கட்டும், அவள் ஒரு நாள் அதில் உட்கார்ந்திருப்பாள், நீங்கள் எனக்கு ஏன் அதைச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார்.

காட்டலாமா வேண்டாமா என்று குழம்பிவிட்டு, கடைசியில் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

"அவரு சொல்றது தப்பில்லையே மேடம்" என்றார்.

"நீங்க செஞ்சதும் தப்பில்ல பாய்."

"அப்ப இதுக்கு என்னா பதில் எழுதறது?"

அவரே போனில் ஏதோ தட்டினார், அழித்தார். அதற்குள் போட்டோ எடுக்க ஒருவர் வந்துவிட்டார். முபாரக் பாய் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வந்தவரின் முகவாயைச் சற்று உயர்த்தச் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் வயிற்று வலி என்று போனவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். கண்டுபிடித்ததே தாமதம். வேலூரில் போய்ப் பார்த்தபோது முகம் பாதியாகியிருந்தது. ஷமீம் மருந்து வாங்கப் போன நேரத்தில் திடீரென்று கேட்டார்: "மேடம், ஒருவேள அந்த டியூப்லைட்டே நெளிஞ்சிருந்தா?"

"இல்ல பாய். நெளிஞ்சது மட்கார்டுதான்."

"நாம யாரும் தொட்டுப் பாக்கலையே."

அந்தக் காரை வாங்கியவர் பூட்டி வைத்துவிட்டார். உள்ளே என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. "டாக்டருக்கு நான் எழுதட்டுமா?" என்றேன். "என்னன்னு எழுதுவீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அவர் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள், முபாரக் இறந்துவிட்டார் என்று மட்டும் டாக்டருக்கு எழுதினேன். இதுவரை பதில் இல்லை. அவர் இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை.

முபாரக் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழைய கேட்லாக்கில் அவர் எழுதியது. வெளிர்பச்சை நிறத்தில் ஒரு சிறிய கார். விலை மதிப்பு அதிகமில்லாததால் அந்த ரிப்போர்ட்டில் யாரும் கை வைக்கவில்லை. ஏலத்திலும் அதைக் கேட்க ஆளில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஓட்டுபவரின் இருக்கை கதவோரத்தில் மட்டும் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. பக்கத்து இருக்கை புதிதாக இருக்கிறது. இந்தக் காரை ஓட்டியவர் பெரும்பாலும் தனியாகவே போய்வந்திருக்க வேண்டும்."