கதவுக்கு அரை மணி, லேபிளுக்கு இரண்டு நாள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதிக்கு நான் பொறுப்பாக இருந்த காலத்தில், என் இடுப்பில் எப்போதும் ஒரு மடக்குக்கத்தி செருகியிருக்கும். கம்பெனிக் கத்தரிகளை யாரும் எடுத்துப் போய்விடக்கூடாது என்று மேசைக்காலோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு பிசிறு நூலை வெட்டக்கூட மேசைக்குத் திரும்பி வரவேண்டும். அது பொறுக்காமல்தான் தாராபுரம் சந்தையில் பாக்குவெட்டி விற்கிறவரிடம் அந்தக் கத்தியை வாங்கினேன். பித்தளைப் பிடி. சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத மெல்லிய அலகு.

வாங்கியபின் அது நூலோடு நிற்கவில்லை. தையல் மெஷினுக்குள் அடைத்துக்கொண்ட பஞ்சை நோண்டி எடுத்தேன். ஃபியூஸ் கட்டையின் திருகாணியைக் கழற்றினேன். கூட வேலை செய்த ஒரு பெண்ணின் கொலுசு மெஷின் பெடலில் மாட்டிக்கொண்டபோது அதன் கொக்கியை நெம்பி விட்டேன். "பொம்பள இடுப்புல கத்தியா?" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். மாங்காய் வாங்கி வந்தால் அதைத்தான் கேட்பார்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. உள்ளூர் பனியன் மட்டும் போட்டுக்கொண்டிருந்த எங்கள் முதலாளி, முதல் முறையாக வெளிநாட்டுக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் தைத்திருந்தார். சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். கூடவே மெட்ராஸ் ஆபீஸ்காரர் ஒருவர். அந்த அம்மா பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வந்து இறங்கியதும் அவர் டிரங்க் கால் பேசத் தபாலாபீசுக்குப் போய்விட்டார். அந்த அம்மா கழிவறை எங்கே என்று சைகையில் கேட்க, நான் காட்டிவிட்டு வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். ஒரு வாரமாக விடாத மழையில் கதவு ஊறி உப்பியிருந்தது. கதவுக்கு அடியிலிருந்த சந்து வழியாக ஓர் இரும்புக் குமிழை அந்த அம்மா வெளியே தள்ளினார். தாழ்ப்பாளின் கைப்பிடி. இழுத்த வேகத்தில் கையோடு வந்திருக்கிறது.

முதலாளி குடைகூடப் பிடிக்காமல் வந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. பேக்கிங் பார்க்கும் பாயும் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க பாய், ஒடச்சுப்போடலாமுங்களா?" என்றார் முதலாளி.

"உள்ள திரும்பவே எடமில்லீங்க. ஒதச்சா கதவு அந்தம்மா மேலதான் விழுகும்" என்றார் பாய்.

நான் கத்தியை எடுத்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே தாழ்ப்பாள் கம்பி போகும் இடத்தில் அலகை நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. நிலையின் ஓரத்தைச் சீவினேன். ஈர மரம் சோப்பு மாதிரி சுருள் சுருளாக வந்தது. அலகு உள்ளே போனதும் "நோ ஹேண்ட்! நோ ஹேண்ட்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். உள்ளே சத்தம் நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன்.

கத்தி முனை கம்பியில் பட்டது. துரு. அசையவில்லை. பாய் ஓடிப்போய் மெஷின் எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தார். அலகின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டோம். எண்ணெய் அலகு வழியாகவே கம்பிக்கு இறங்கியது. கதவு நிலையை அழுத்திக்கொண்டிருந்ததால் கம்பி இறுகிக் கிடந்தது. உள்ளேயிருந்து கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நல்லது. அதை எப்படிச் சொல்வது? நான் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டு என் பக்கத்திலிருந்து லேசாகத் தள்ளினேன். இரண்டு தட்டு தட்டிவிட்டு, தள்ளுவதை நிறுத்தினேன். இப்படி மூன்றாவது தடவை ஒரு தட்டு தட்டியதும் உள்ளேயிருந்து கதவு இழுபட்டது. புரிந்துகொண்டுவிட்டார்.

அதன்பின் எங்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. ஒரு தட்டு, அவர் இழுப்பார், நான் முனையால் கம்பியைத் தள்ளுவேன். ஒரு நெல் அளவு நகரும். இரண்டு தட்டு, இருவரும் மூச்சு வாங்குவோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். கம்பி விலகி, கதவு திறந்தபோது அந்த அம்மா வியர்த்து நனைந்து நின்றார். சிரித்தார். என் கையைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினார்.

"அம்மிணி, நீ கம்பெனியவே காப்பாத்திப்போட்ட" என்றார் முதலாளி. இனி அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த அம்மா முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, செக்கிங் மேசையில் உட்கார்ந்தார். ஓர் அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். முதல் டி-ஷர்ட்டை அளந்தார். இரண்டாவதை அளந்தார். பிறகு கழுத்தில் தைத்திருந்த லேபிளைத் திருப்பிப் பார்த்தார். இதற்குள் திரும்பி வந்திருந்த மெட்ராஸ்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஆறு வயசு சைஸ்ல நாலு வயசு லேபிள் இருக்குங்கறாங்க."

அந்த சைஸ் அடுக்கியிருந்த நான்கு பெட்டியும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் 'செக்கிங் முடிந்தது' என்று என் கையெழுத்து. கொஞ்ச நேரம் முன்பு அவர் குலுக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. மூன்றாம் நாள் வருவதாகவும், அதற்குள் மாற்றி வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "லேபிள் மாத்தறதுக்கு ஆளுகளுக்குச் சொல்லட்டுங்களா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார்.

"தைக்கறதுக்குச் சொல்லுங்க. பிரிக்கறத நானே பாத்துக்கறனுங்க" என்றேன்.

பின்னல் துணியில் லேபிள் பிரிப்பது சுலபமல்ல. ஒரு கண்ணி அறுந்தால் போதும், ஓட்டை கீழே ஓடிக்கொண்டே போகும். கத்தரி முனை அதற்குத் தடிமன். பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடி விளிம்பில் கத்தியைத் தீட்டினேன். மூன்று தையலுக்கு ஒன்றாக முனையால் அறுத்து, லேபிளை மெல்ல இழுத்தால் கழன்று வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பாய் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்டினார். "தங்கச்சி, சித்த கைய ஒதறிக்க" என்று இடையிடையே சொல்வார். இரண்டு பகல் முழுக்க அதே வேலை. இரண்டு உருப்படியில் என் கை தவறி ஓட்டை விழுந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மா வந்ததும் முதலில் அந்த இரண்டையும் காட்டினேன். யார் பிரித்தது என்று கேட்டார்.

"நாந்தானுங்க. லேபிளப் பாக்காம உட்டதும் நாந்தானுங்க" என்றேன்.

மெட்ராஸ்காரர் அதைச் சொன்னார். அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்துத் தலையசைத்தார். அடுத்த உருப்படியைக் கையில் எடுத்துக்கொண்டார். பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. நான்கு பெட்டியையும் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசையக் கட்டைவிரல் மடங்கவில்லை. முழுக்கக் கொப்புளம். என் வீட்டுக்காரர் எழுந்து போய் ஒரு ஸ்பூன் கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"நாளைக்கு லீவு போட்டுக்கச் சொன்னாருங்க."

"போடறயா?"

"இல்லீங்க. அடுத்த சரக்குக்கு லேபிள் கட்டு வந்திருக்குது. பிரிச்சுப் பாக்கோணும்."

அவர் ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.