கிளாடிஸ் ஒட்டிய சிவப்பு லேபிள்

கிளாடிஸ் எங்கள் பள்ளியின் நூலகர். சாந்தோமில் பிறந்து சாந்தோமிலேயே குடியிருப்பவள். கோபம் வந்தால் புத்தகம் அடுக்குவாள். அவள் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன், பக்கத்து அறையில் தமிழ் நடத்துகிறவள் என்ற உரிமையில்.

கம்ப்யூட்டர் புத்தகங்களை எடுத்துப்போகும் பிள்ளைகள் படித்ததைச் செய்து பார்க்க எங்கே போவார்கள் என்று அவளுக்கு ஒரு கவலை. பழைய மாணவர்களிடம் கேட்டுக் கேட்டு ஆர்டுயினோ என்கிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, சென்சார், ஒயர், குட்டி மோட்டார் எல்லாம் சேர்த்தாள். டப்பாவில் போட்டு, புத்தகம் மாதிரியே வீட்டுக்குக் கொடுத்தாள். போர்டை எரித்துவிட்டு வருகிற பிள்ளையிடம்கூட, "எப்படி எரிஞ்சது, சொல்லு" என்று ஆசையாகக் கேட்பாள்.

கம்ப்யூட்டர் ஆசிரியர் விஜயராகவன் இதில் அவளுக்கு வலதுகை. "பூட்டி வெச்சா யாருக்கு மேடம் பிரயோஜனம்?" என்று முதலில் சொன்னதே அவர்தான். மதியம் எங்களோடுதான் சாப்பிடுவார். கிளாடிஸின் மீன்குழம்பு வாசத்துக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அவரை நல்லவர் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு பள்ளியை ஆய்வு செய்ய ஆள் வருகிறார்கள் என்றதும், "டப்பா எல்லாம் பசங்க வீட்ல இருந்தா நல்லா இருக்காது மேடம். வாங்கி வெச்சு சிவப்பு லேபிள் ஒட்டிடுங்க. அவங்க போனதும் பிச்சுடலாம்" என்றார் விஜயராகவன்.

எங்கள் நூலகத்தில் சிவப்பு லேபிள் ஒட்டிய பொருள் அறையை விட்டு வெளியே போகாது. தடித்தடியான அகராதிகளுக்கு ஒட்டுவது. கிளாடிஸ் தன் கையாலேயே எல்லா டப்பாவுக்கும் ஒட்டினாள். "ஒரு வாரம்தான், திரும்பத் தந்துடறேன்" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னாள்.

ஆய்வு முடிந்தது. டப்பாக்கள் கம்ப்யூட்டர் லேபின் கண்ணாடி அலமாரிக்குப் போயின. விஜயராகவனைப் பொறுப்பாளராகப் போட்டு 'புதுமைக் கூடம்' என்று பலகை மாட்டினார்கள். கிளாடிஸ் போய்க் கேட்டாள்.

"நான் என்ன மேடம் பண்றது? வெளிய தரக்கூடாதுன்னு லேபிள் ஒட்டினது நீங்கதானே. பிரின்சிபால் அதைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணாங்க" என்றார் அவர், அலமாரியைத் துடைத்துக்கொண்டே. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், 'நூலகரின் ஆலோசனைப்படி' இனி எதுவும் வீட்டுக்குத் தரப்படாது என்று வாசித்தார்கள்.

இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு பூஜா நூலகத்துக்கு வந்தாள். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்றைப் பாதியில் விட்டிருந்தவள்.

"நீங்கதான் தர வேணாம்னு சொன்னீங்களாமே மிஸ்?"

"லேபிள் நான்தான் ஒட்டினேன்" என்றாள் கிளாடிஸ்.

"ஒரு வாரம்னு சொன்னீங்க" என்றாள் பூஜா. பையிலிருந்த எலெக்ட்ரானிக்ஸ் புத்தகத்தை, கெடு முடியாமலே, மேஜைமேல் வைத்துவிட்டு, வேறு எதையும் எடுக்காமல் போய்விட்டாள்.