கொலுவில் நடந்த சங்கு

எங்கள் வீட்டுக் கொலுவின் கடைசிப் படி என் பொறுப்புக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. திருப்பதியில் பெருமாள் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பம். கொலு முழுக்கப் பெரியம்மாவின் ஆட்சி. "ஏதாவது அபத்தம் பண்ணினியோ, அடுத்த வருஷம் பொம்மையைத் தொடவே விடமாட்டேன்" என்று மிரட்டிவிட்டுத்தான் அந்தப் படியைக் கொடுத்தாள்.

நான் கடற்கரை வைப்பதென்று முடிவு செய்தேன். பழவேற்காடு ஏரிப் பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த சித்தப்பா என்னை அந்த ஏரியின் முகத்துவாரத்துக்கு அழைத்துப்போனார். ஏரியும் கடலும் கலக்கும் அந்தச் சேற்று மணலில் ஒரு வாளி ஈர மணலும் ஒரு பை சங்கும் அள்ளிவந்தேன். எல்லாம் காலிச் சங்குகள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், தாம்பூலம் வாங்க வந்த பாகாலா ஊர்க்காரியான பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள். "அம்மோ! சங்கு தானா நடந்துக்கினு போவுது, பாரும்மா!"

போய்க்கொண்டுதான் இருந்தது. படியில் விரித்திருந்த வேட்டியைப் பிடித்து ஏறி, செட்டியார் பொம்மையின் மளிகைக்கடை வாசலில் போய் நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அதன் கால்கள் தெரிந்தன. வெங்காயமே உள்ளே வராத நவராத்திரியில், கொலுப்படியில் நண்டு! சொன்னால் என் படி போச்சு. வாயை மூடிக்கொண்டேன்.

பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெருமாள் கைச்சங்கு நம்மாத்துக்கு நடந்தே வந்திருக்குடி!" என்றாள். அவள் கை பட்டதும் நண்டு உள்ளே சுருண்டுகொண்டது, என் நல்லகாலம். வெள்ளித் தட்டில் அதை ஏற்றி, துணைக்கு இன்னும் நான்கு சங்குகளை வைத்து, சுண்டல் படைத்தாள். தெருவே திரண்டு வந்து சேவித்தது.

மறுநாள் காலை சங்கு அசையவில்லை. "என்ன அபசாரம் பண்ணினேனோ" என்று பெரியம்மா காபியைக்கூடத் தொடாமல் அழுதாள். எனக்குப் பாவமாகிவிட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தட்டிலிருந்த வேறொரு பெரிய சங்கு நகர்ந்து சுண்டல்மேல் ஏறியது.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "பெருமாள் இல்லை மன்னி, துறவி நண்டு. சின்னச் சங்கை விட்டுட்டுப் பெரிசுக்குக் குடிபோயிருக்கு."

"ஐயையோ! நண்டுக்கா நைவேத்யம் பண்ணேன்!"

வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். தெருவில் மூச்சுவிடக்கூடாதென்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினாள். என்னிடமும் வாங்க வேண்டியிருந்ததால் படியைப் பிடுங்க அவளால் முடியவில்லை.

சித்தப்பா நண்டை முகத்துவாரத்திலேயே விட்டுவிட ஈர மணலோடு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். "சங்கெல்லாத்தையும் கொடுடி, அங்கேயே கொட்டிடறேன்" என்றார்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நண்டைத்தான் கொடுத்தாச்சே! வெறும் சங்கு அதுக்கு எதுக்கு சித்தப்பா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் டப்பாவோடு ஓடினார். பெயர்தான் துறவி, உடம்பு வளர வளர அடுத்த வீடு தேடி அலையும் பிராணி அது. கரையில் கிடக்கும் காலிச் சங்குதான் அந்த வீடு. ஒரு பை நிறைய வீடுகளைக் கடைசிப் படியில் வரிசையாக அடுக்கிவைத்து, ஒன்றுகூட நடக்கவில்லையே என்று விஜயதசமிவரை ஏங்கிக்கொண்டிருந்தேன்.