மாமனார் மாட்டிய சக்கரங்கள்

தலைதீபாவளிக்கு மோதிரம் வாங்கிய மாப்பிள்ளைகள் உண்டு, வாட்ச் வாங்கியவர்கள் உண்டு. எனக்குக் கிடைத்தவை இரண்டு சைக்கிள் சக்கரங்கள். இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது.

எழுபதுகளின் கடைசி. போடியில் வாடகை வீடு. வேலை மலைமேல் குரங்கணிப் பக்கம் ஒரு காப்பி, ஏலக்காய் எஸ்டேட்டில். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டுக்கு நான் போய் நிற்க வேண்டும். எஸ்டேட் ஜீப்பை நம்பிப் பிரயோசனமில்லை. ஆள் பிதுங்கி வழிந்தால்தான் டிரைவர் சாவியைத் திருகுவான். என்னை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பழைய சீமை சைக்கிள்.

எஸ்டேட்டை விட்டுப் போன வெள்ளைக்கார மேனேஜர் ஊர் சுற்றுவதற்கென்றே வைத்திருந்த வண்டி அது. மெலிந்த சட்டம், ஆட்டுக்கொம்பாக வளைந்த ஹேண்டில்பார், தோல் சீட்டு. அதன் உயிர் பின்சக்கரத்தில் இருந்தது. நடுவிலிருந்த தடித்த ஹப்புக்குள் மூன்று கியர். மலையடிவாரத்தில் முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கும்போது விரலால் ஒரு தட்டு தட்டினால் பெடல் லேசாகிவிடும். சீட்டை விட்டு எழுந்திருக்காமலே ஏறிவிடுவேன். ரிம் துருப்பிடித்திருந்தது, உண்மைதான். துரு என்னை எந்த மேட்டிலும் இறக்கிவிட்டதில்லை.

மாமனாருக்கு ஊர் சிலமலை. கிணறும் தோட்டமும் வைத்து விவசாயம் பார்க்கும் சம்சாரி. தீபாவளிக்கு முந்தின நாள் மனைவியைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வண்டியில்தான் போய் இறங்கினேன். வாசலில் நின்ற பங்காளிகளின் பார்வை எங்கள் மேல் விழவில்லை, ரிம்மின் மேல்தான் விழுந்தது. மாமனாரின் முகம் சுருங்கிப்போனது. அன்று சாயங்காலமே என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மச்சினன் வண்டியைப் போடி சைக்கிள் கடைக்கு உருட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

விடிந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நிறுத்தி வைத்திருந்தார்கள். பளபளவென்று இரண்டு புதுச் சக்கரம். சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. ஹப்பைச் சுற்றிக் கலர் கலராகப் பிளாஸ்டிக் பூ. இந்த ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம் அந்த மெலிந்த சட்டத்துக்குள் நுழையுமா? நுழைய வைத்திருந்தார்கள். சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை விரித்து, மட்காடைச் சுத்தியலால் அடித்து நெளித்திருந்தார்கள். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரைக் கடித்துக்கொண்டிருந்தது. அறுபட்ட கியர் கம்பியைச் சுருட்டிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பிணத்தின் காலைக் கட்டுவார்களே, அப்படி.

"எப்பிடி மாப்ளே? ரிம்முல மூஞ்சி பாத்துத் தல சீவலாம்ல!" என்றார் மாமா.

"பழைய சக்கரம் எங்க மாமா?"

"அதக் கடைக்காரனே எடுத்துக்கிட்டான். துருப்புடிச்ச சனியன் எதுக்கு?"

சீராகக் கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாதாம். சுற்றிலும் சொந்தபந்தம். சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் மாமனார் மேல் வருவதைவிட என் மேலேயே அதிகமாக அருவருப்பு வருகிறது.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன். கடைக்காரர் ஒரு எண்ணெய்த் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். "உள்ள என்னமோ பல்லு பல்லா இருந்துச்சுண்ணே. நமக்கெதுக்குன்னு ஒடச்சு பால்ரஸ் குண்ட மட்டும் எடுத்துக்கிட்டேன். சீமைக் குண்டுண்ணே, சும்மா கண்ணாடி மாதிரி!" குண்டுகள் தட்டில் உருண்டன. மிச்சமெல்லாம் பழைய இரும்போடு போய்விட்டதாம். என் மூன்று கியரைக் கொன்று குடலை எடுத்துவிட்டு, குடல் நன்றாக இருக்கிறது என்று என்னிடமே காட்டுகிறார்.

அதன் பிறகு முந்தல் வரைக்கும்தான் சைக்கிள், அதற்கு மேல் சுமை. டயர் மட்காடில் உரச, வியர்வை கண்ணில் வழியத் தள்ளிக்கொண்டு போவேன். பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "என்ன சாரே, அதுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" ஜீப்பே சிரித்தது. பெரட்டுக்குப் பிந்தினேன். மறுபடியும் பிந்தினேன். இன்னொரு தரம் பிந்தினால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வாழைத்தாரோடு போடி வீட்டுக்கு வந்தார். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"மேடு ஏறலைன்னா விட்டுத்தள்ளுங்க மாப்ளே. அடுத்தவன்கிட்ட என்ன கைகட்டிச் சோலி? சிலமலைக்கு வந்துருங்க. நம்ம தோட்டத்தப் பாத்துக்கிட்டு, எங்ககூடவே இருந்துக்கலாம். அங்கன ரோடு பூராச் சமதரைதான். வண்டி சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்."

வீட்டோடு மாப்பிள்ளை. அவர் அதற்காகவே சக்கரத்தை மாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு சூது அவருக்குத் தெரியாது. ஆனால் நான் மேட்டில் நின்றுபோனதில் அவருக்கு வந்த சந்தோஷத்தைக் கண்ணால் பார்த்தேன். மானங்கெட்ட என் வாய் அப்போதும் மரியாதைக்குச் சிரிக்கத்தான் கோணியது.

மனைவி தண்ணீர்ச் செம்பை நங்கென்று தரையில் வைத்தாள்.

"சைக்கிளுக்கு மாத்துனது பத்தாதாப்பா? இப்ப இவரு காலையும் கழட்டிட்டு வேற கால மாட்டப் பாக்குறீகளா?"

மாமனார் என்னைப் பார்த்தார். அந்த ஒரு தடவை நான் சிரிக்கவில்லை.