இருபது தலை எண்ணப் போனோம்

பள்ளிக்கூடம் பார்க்கிற உத்தியோகத்தில் முதல் எதிரி வாத்தியாரும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கடலில் தண்ணீர் வற்றுகிற நேரம்தான். தண்ணீர் இறங்குவதற்குள் பார்த்து, கேட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டுப் படகில் ஏறிவிட வேண்டும். தவறினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், நாம் கொசுவுக்குச் சாப்பாடாகிவிடுவோம். அரசாங்கப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்த புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்தால், இது நமக்குள்ளே இருக்கட்டும்.

வாயால் வந்த வேலை

அப்போது எனக்குப் பதினேழு வயது. மெட்ரிக்கில் ஒருமுறை தோற்றுவிட்டு, போர்ட் பிளேர் பஜாரில் அத்தாவின் குடைக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பெங்காலி, மீதிப் பேர் தெலுங்கும் மலையாளமும், பேரம் எல்லாம் இந்தியில். ஆள் கடையை விட்டு இறங்கியதும் அவர் பாஷையையும் குரலையும் அப்படியே எடுத்துவிட்டுக் கடைப் பையன்களைச் சிரிக்க வைப்பது என் பொழுதுபோக்கு.

ஒருநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் ஞானமுத்து ஐயா குடை வாங்க வந்தார். திருநெல்வேலிக்காரர். மூக்கால் பேசுவார். "கம்பி துருப்புடிக்காதுன்னு எழுதித் தருவீரா வே?" என்று அத்தாவைப் பாடாய்ப் படுத்திவிட்டு, வாங்காமலே போனார். அவர் போனதும் நான் எழுந்து நின்று, அதே மூக்கு, அதே "எழுதித் தருவீரா வே?" என்று ஆரம்பித்தேன். பையன்கள் சிரிக்கவில்லை. அத்தா முகம் வெளுத்துவிட்டது. மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்த இன்ஸ்பெக்டர் என் பின்னால் நின்றிருந்தார். முழுவதும் கேட்டார். பிறகு, பெங்காலியில் உன் பேரென்ன என்று கேள் பார்ப்போம் என்றார். கேட்டேன். தெலுங்கில்? கேட்டேன். தீவுகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பாஷை பேசுவதால், அவர்களிடம் கேள்வி கேட்க ஒரு துபாஷியை அவர் தேடிக்கொண்டிருந்தாராம். போகும்போது அத்தாவிடம் சொன்னார்: "உங்க மவன் வாய் எனக்குப் பின்னால நிக்கிறதைவிட முன்னால நிக்கது நல்லது பாய். திங்கக்கிழமை அனுப்பிவிடுங்க."

எங்களுக்கு முன்னால் போன பூமி

முதல் சுற்றில் ஒரு தீவில், பேர் வேண்டாம், தலைமையாசிரியர் மேசையில் அழகான பூமி உருண்டை இருந்தது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை. இன்ஸ்பெக்டர் மெச்சி எழுதினார். மறுநாள் அடுத்த தீவு. அங்கேயும் ஒரு பூமி உருண்டை. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் ஓட்டை. நான் முதல் ஊர் தலைமையாசிரியர் குரலில், "பச்சோ, யே ஹமாரி ப்ருத்வி ஹை", பிள்ளைகளே, இதுதான் நம் பூமி, என்று மெதுவாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் படகில் என் கால் ஒரு சாக்கில் இடித்தது. உள்ளே உருண்டையாக இருந்தது. நாங்கள் போகிற பள்ளிக்கு, எங்கள் படகிலேயே, எங்களுக்குத் தெரியாமல் பூமி போய்க்கொண்டிருக்கிறது! படகோட்டி தெலுங்குக்காரர், எங்களோடு பழகி அரைகுறைத் தமிழ் வந்துவிட்டிருந்தது. கேட்டதற்கு அவர் வெட்கப்படவே இல்லை: "சாப், இந்த ஸ்கூல் வாத்தியாருங்க யாரும் பார்க்காத ஊரெல்லாம் இது பார்த்துருச்சு."

ஹாஜிரி கடைசியில்

உருண்டையையே கடன் வாங்குகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவைப்பார்களா? பதிவேட்டில் பெயர் இருக்கும். தலை இருக்காது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் பக்கத்து ஊரிலிருந்து தலைகள் வரும். முதலில் எண்ணினால், எண்ணி முடித்ததும் பின்பக்கமாக இறங்கிப் போய்விடும். அதனால் ஞானமுத்து ஐயா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேள்வி முதலில், அப்புறம் கிணறு, கக்கூஸ், கூரை. ஹாஜிரி, அதாவது தலை எண்ணுவது, கடைசியில்; இரவல் தலை அதுவரை உட்காராது. அவர் பேனாவைத் திறக்கிற நிமிஷத்தில் எத்தனை தலை இருக்கிறதோ, அதுதான் பள்ளி.

அந்த வருஷம் இலாகாவிலிருந்து புது உத்தரவு வந்திருந்தது. இருபது தலைக்குக் குறைந்த வகுப்பு எந்தப் பாஷை வகுப்பானாலும் மூடிவிட்டு, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும். அதைப் படித்துக் காட்டிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "மூடுததுக்கு ஒரு நாள் போதும்ல காதரு. திறக்கதுக்கு எத்தனை வருசமாச்சுன்னு திறந்தவன்கிட்ட கேட்டாத் தெரியும்."

ஸ்டேஷன் என்கிற ஜெட்டி

லாங் ஐலண்டு ஜெட்டியிலிருந்து (படகுத்துறையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) டுங்கி என்கிற சின்னப் படகில் போனால் ஒரு சின்னக் குடியேற்றம். மரம் வெட்டுகிற தமிழ்க் குடும்பங்கள். மூங்கில் தட்டி அடைத்த ஒரே அறை, ஒரே டீச்சர். மரகதம் டீச்சர் மதுரைப் பக்கத்திலிருந்து அண்ணனோடு வந்தவர். அங்கே பூமி உருண்டை இல்லை. படமும் இல்லை. கூட்டல் கழித்தலுக்கு மரத்துண்டுகள் அடுக்கி வைத்திருந்தார்.

நான் பிள்ளைகளைப் பயம் தெளிய வைக்க கோழி, ஆடு, படகோட்டி என்று நாலு குரல் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்தார். எல்லாத் தீவிலும் அவர் கேட்கிற கேள்வி, எல்லாத் தீவிலும் பிள்ளைகள் முழிக்கிற கேள்வி: ரயில் எங்கே நிற்கும்? ரயிலைக் கனவில்கூடப் பார்க்காத ஒரு பொடிசு, ராக்கம்மா என்று பேர், எழுந்து நின்றாள். ஞானமுத்து ஐயா அன்றைக்குத்தான் சிரித்து நான் பார்த்தேன். அவள் சொன்னது: "ரயிலு நிக்கிற ஜெட்டிக்கு ஸ்டேஷன்னு பேரு சார். அங்க தண்ணி இருக்காது, ஆனா எல்லாரும் சாமான் தூக்கிட்டு ஓடுவாங்க."

டீச்சர் என்னிடம் ஒப்படைத்தது

அந்த வகுப்பை மூடினால் பிள்ளைகள் அக்கரையில் இருக்கிற இந்திப் பள்ளிக்குப் போக வேண்டும். நடுவில் க்ரீக் என்கிற கடற்கழி. உப்புத் தண்ணீர், இரண்டு பக்கமும் அலையாத்தி, முதலையும் உண்டு. பெரியதுகள் படகில் போய்விடும். ராக்கம்மா வயசுப் பிள்ளைகளை எந்தத் தாய் அனுப்புவாள்? டீச்சரின் வேலையும் தற்காலிக வேலை. வகுப்பு போனால் அவரும் போக வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் கிணற்றைப் பார்க்கக் கிளம்பினார். டீச்சர் காட்டப் போக வேண்டும். போவதற்கு முன் டீச்சர் என்னிடம் ஒன்று சொன்னார். பத்து நாளைக்கு ஒருமுறையோ, வந்தால் வந்ததென்றோ வருகிற தீவுக் கப்பல் ஊதிவிட்டால், வகுப்பு தானாகக் கலைந்துவிடுமாம். மலைக்கு அந்தப் பக்கம் ஜெட்டி. கடிதாசி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் அதில்தான் வரும். சுமக்கப் பிள்ளைகளும் வேண்டும். அதனால் இவரே, "மெதுவாப் போங்க, சறுக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். நல்லவேளை இன்றைக்குக் கப்பல் இல்லை என்றார். படியிறங்கும்போது திரும்பி நின்று சொன்னார்: "இருபத்திமூணு பேரும் வந்திருக்காக தம்பி. எண்ணி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கங்க."

நான் ஊதியது

பார்த்துக்கொண்டேன். எப்படி என்றுதான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னால் கப்பல் மாதிரி ஊத முடியும். இரண்டு கையையும் குவித்து, வயிற்றிலிருந்து காற்றை எடுத்து ஊதினால், போர்ட் பிளேர் லம்பா லைனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்குக் கிளம்புவார். அந்த ஆசை அப்போது வந்து தொலைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று தட்டிக்குப் பின்னால் போனேன். இரண்டு நீளம், ஒரு குட்டை. அதோடு விட்டிருக்கலாம். மரகதம் டீச்சர் குரலில், "மெதுவாப் போங்க, சறுக்கும்" என்றும் சொன்னேன்.

"ஜஹாஜ் ஆ கயா!", கப்பல் வந்தாச்சு என்று ஒரு கூச்சல். வீட்டில் தமிழ், கூச்சலுக்கு மட்டும் இந்தி. இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு உள்ளே வந்தால், நான்கு பேர் இருந்தார்கள். மூன்று பேர் காலில் புண் வந்த சின்னதுகள். நாலாவது ராக்கம்மா. அவள் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "கப்பல் ஊதுன பொறவுதானண்ணே பொகை தெரியும்? இன்னும் தெரியலையே?"

அண்ணன்தான் கத்துறாரு

மலைப் பாதையில் ஓடினேன். மரங்களுக்குள் ஆள் தெரியவில்லை. பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. "கப்பல் இல்லைப்பா, நான்தான் ஊதினேன், திரும்பி வாங்க" என்று கத்தினேன். ஒரு திருப்பத்தில் கண்ணில் பட்டார்கள். பெரிய பையன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "போங்கண்ணே, இதுவும் விளையாட்டு" என்றான். வேறு வழி தெரியாமல் டீச்சர் குரலில் கூப்பிட்டேன். என் வாயைப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு வளைவில் திரும்பி மறைந்துபோனார்கள்.

அப்போதுதான் கீழேயிருந்து மரகதம் டீச்சரே கூப்பிட்டார். கிணற்றடியிலிருந்து ஓடி வந்திருப்பார், மூச்சு வாங்கியது. "ஏய் மாரி! சின்னப்பா! எல்லாரும் திரும்பி வாங்க, இன்ஸ்பெக்டர் ஐயா எண்ணணும்!" அப்படியே டீச்சர்தான். கூப்பிட்டதே டீச்சர்தான். ஆனால் ஒரு காலடியும் நிற்கவில்லை. மேலே இலைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் எனக்கு மட்டும் கேட்டது: "நிக்காதீங்கடா, அண்ணன்தான் கத்துறாரு!"

பேனா திறந்தபோது

படகோட்டி கீழே சேற்றைக் காட்டிக் கத்த ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் இறங்குகிறது. இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அந்த நியாயத்தைச் சொல்ல வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் பக்கத்திலேயே, வாயைத் திறக்காமல் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அந்த ஒருமுறைதான். பேச வேண்டியதும் அந்த ஒருமுறைதான்.

பேனாவைத் திறந்தார். நான்கு என்று எழுதினார். கீழே இன்னொரு வரியும் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். அவர் படித்த வரி: "ஆசிரியை கூப்பிட்டும் பிள்ளைகள் நிற்கவில்லை, கட்டுப்பாடு இல்லை."

யார் குரல்

படகு க்ரீக்கைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊதியது, டீச்சர் குரலில் அனுப்பியது, அண்ணன்தான் என்று பிள்ளைகள் நினைத்தது. ஊதிக்கூடக் காட்டினேன். படகோட்டி துள்ளித் திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. டீச்சர் மேல் இரக்கப்பட்டு நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். தன் பழைய குடையை முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "ஊரிலுள்ள அத்தனை பேர் குரலும் உன் வாயில வருது. இப்ப பேசுதது யார் குரல்ல?"

கரும்பலகை எடுக்கப் போனது

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. கரும்பலகையையும் மணியையும் அக்கரைப் பள்ளியில் சேர்க்க ஆள் வேண்டும், என்னைத்தான் அனுப்பினார்கள். ராக்கம்மாவும் சின்னதுகளும் ஜெட்டியில் வெங்காயத் தோலை மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியதுகள் அக்கரைக்குப் போயிருந்தார்கள்.

டீச்சருக்கு, இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று மாலையே, பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். இலாகாவுக்கு எழுதியும் போட்டிருக்கிறார். அறிக்கையை மாற்ற விதி இல்லை என்று பதில். அவர் மூட்டை கட்டி வைத்திருந்தார். மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். என் சொந்தக் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மணியைச் சாக்கில் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "திட்டணும்னுதான் வச்சிருந்தேன் தம்பி, இப்ப வரலை. அன்னையிலேருந்து நான் கூப்பிட்டா புள்ளைக உடனே வர்றதில்லை. கிட்ட வந்து என் வாயைப் பாத்துட்டு, டீச்சர்தான்னு தெரிஞ்ச பொறவுதான் உக்காருதுக."

ஒரு பள்ளிக்கூடத்தின் தரத்தை இரண்டு மணி நேரத்தில் எடைபோட்டுவிடலாம் என்று நம்புகிற இலாகாவுக்கு, அதை மூட இரண்டு நிமிஷமும் ஒரு வாயும் போதும் என்று செய்து காட்டியதுதான் என் முதல் உத்தியோகத்தில் நான் செய்த சேவை.