திருப்பிப் போட்ட கவுன்

தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரருக்கு, தன் நாலு வயது மகளுக்கு ஒரு கவுன் போட்டுவிடத் துப்பில்லை. மாட்டிய மறுநிமிடம் குட்டி கழுத்தைப் பிய்த்துக்கொண்டு வீல் வீலென்று அலறுவாள். தையல் மிஷின் சத்தமும் அவளுக்கு ஆகாது. அதனால் அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் தைப்பார். மகளுக்காக அவர் வைத்துத் தைக்காத லேஸ் இல்லை, பூவேலை இல்லை.

"பேச்சும் சரியா வரல, துணியும் ஆகல. பிள்ளைக்கு என்னதாங்க?" என்று மனைவி கேட்கும்போதெல்லாம் அவர் இன்னொரு புதுக் கவுனை வெட்ட உட்கார்ந்துவிடுவார்.

அன்று காலை டாக்டரைப் பார்க்கப் போகிற அவசரம். வரப்போகும் அலறலுக்குப் பயந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கவுனை மாட்டினார்.

சத்தமே இல்லை!

கண்ணைத் திறந்தால், குட்டி கையை விரித்துத் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தாள். கவுனின் உள்பக்கம் வெளியே இருந்தது. தையல் மடிப்பு, லேஸின் முனை, நூல் பிசிறு எதுவும் அவள் மேல் படவில்லை.

"இங்க ஓடி வாயேன்! தையல்தான் இவளைக் குத்தியிருக்கு!" என்று அவர் போட்ட கூச்சலில் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். கால் தரையில் பாவவில்லை. எதிரே வந்த பால்காரர் சிரித்தார்.

"என்னண்ணே, உங்க பொண்ணுக்கே கவுனைத் திருப்பிப் போட்டிருக்கீங்க?"

"இல்ல தம்பி, இன்னைக்குத்தான் சரியாப் போட்டிருக்கேன்! நாலு வருஷமாத்தான் திருப்பிப் போட்டுட்டிருந்தேன்!"