அத்தானை எப்படி மறைப்பது?

ஒளிபரப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. பிரான்சில், ஒபர்வில்லியே என்ற ஊரில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் குற்ற ஆவணப்படங்களின் தமிழ்ப் பேச்சுக்குப் பிரெஞ்சு சப்டைட்டில் போடுவது என் வேலை. இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். தெளிவான பதிலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், எனக்கே இன்னும் குழப்பம்தான்.

படம் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நடந்த ஒரு கொலை பற்றியது. ஒரு ரெஸ்டோரண்ட் வாசலில் ஒருவரைக் கத்தியால் குத்திவிட்டார்கள். பிடிபட்டவன் சிறையில் இருக்கிறான், வழக்கு இனிமேல்தான். அவனுடைய தமையன் அதே தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். கொலையை நேரில் கண்ட ஒரு பெண், தன்னை யாரென்று காட்டாவிட்டால் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் அவள் வேலைக்குப் போகவேண்டும். பயப்படாமல் என்ன செய்வாள்?

எங்கள் ஆட்கள் எல்லாம் விதிப்படி செய்தார்கள். முகத்தை மங்கலாக்கி, குரலைத் தடிப்பாக்கி, பெயரையும் மாற்றினார்கள். பின்னால் தெரிந்த ஜன்னலைக்கூட விடவில்லை. அவளோ படத்தில், "என்ரை அத்தான் கதவடியிலை கிடந்தவர்" என்கிறாள். அதற்குப் பிறகும் வாய்க்கு வாய் அத்தான்தான்.

எனக்குத் திக்கென்றது. இறந்தவரை அத்தான் என்று கூப்பிட பிரான்சில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அவர் மனைவியின் தங்கை. லா சப்பலில் இது தெரியாதவர் இல்லை.

தயாரிப்பாளர் க்ளேரிடம் ஓடினேன். சப்டைட்டிலில் 'உறவினர்' என்று போடச் சொன்னாள்.

"வாசிக்கிறவனுக்கு அது போதும். தமிழ் கேட்கிறவனுக்கு?" என்றேன்.

வசனத்துக்கு வசனம் வருகிற சொல்லை வெட்டினால் பேச்சே மிஞ்சாது. சாட்சியின் வாயில் நாங்களாக வேறு சொல்லை வைப்பதும் பிழை. கடைசியில் அவளுக்கே போன் எடுத்தேன்.

"தங்கச்சி, அத்தான் எண்டாமல் 'அந்த மனுசன்' எண்டு திரும்ப ஒருக்காச் சொல்லேலுமோ?"

"அக்கா, என்னை இஞ்சை கூப்பிட்டதே அவர்தான். செத்தாப் பிறகு அவரைப் பிறத்தியாள் மாதிரிச் சொல்ல எனக்கு வாய் வராது" என்று அழுதாள்.

அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவளிடமும் கேட்டுக்கொண்டு, தமிழ் ஒலியை முழுதாக எடுத்துவிட்டோம். ஒரு நடிகையை அழைத்து, அவள் சொன்னதைப் பிரெஞ்சில் பேச வைத்தோம், அத்தானுக்குப் பதில் 'உறவினர்' என்று. குரல் வேறொருவருடையது, சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று திரையின் அடியில் எழுத்தும் போட்டோம். ஒருவழியாக மூச்சு வந்தது.

ஒளிபரப்பான மறுநாள் வழக்கம்போல் அந்த மரக்கறிக் கடைக்குப் போனேன். பிடிபட்டவனின் தமையன் என் முருங்கைக்காயைத் தராசில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அக்கா, நேற்று டிவியிலை முகத்தை மறைச்சுக்கொண்டு கதைச்சது நீங்கள்தானே?"

"நானோ?"

"பின்னை? உறவினர் எண்டது சும்மா மறைக்கத்தானே. எங்கடை பொம்பிளையளுக்குள்ளை உப்பிடி வடிவாப் பிரெஞ்சு கதைக்கிறது வேறை ஆர்?"

அடியில் போட்ட எழுத்தை மனிதர் வாசிக்கவே இல்லை! 'இல்லை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் வேறு யார் என்று யோசிக்கத் தொடங்குவார். 'ஓம்' என்றால் அது பொய். எங்கள் விதிகளில் எதைப் புரட்டினாலும் இதற்குப் பதில் கிடையாது.

"இன்னும் ரெண்டு முருங்கைக்காய் போடுங்கோ" என்றேன்.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஒரு முகத்தை நாம் மறைத்தால், அந்த இடத்தில் சனம் இன்னொரு முகத்தை வைத்துப் பார்க்கும். அது யாருடையதாக இருக்கும் என்று யோசிப்பதும் எங்கள் வேலைதான். இந்த முறை என்னுடையதாகிவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மரக்கறிக்கு அந்தக் கடைக்கேதான் போகிறேன். கடையை மாற்றினால் அதற்கும் ஒரு காரணம் தேடுவார். போகும்போதெல்லாம் அவர் கேட்கிறார். நான் இன்றுவரை இல்லை என்று சொல்லவில்லை.